கோலின் அளவும் ஆணியின் இறுக்கமும்

(உழவர் பயிற்சி முகாமில் உழவியல் துறை விரிவுரையாளர் ஆற்றிய உரை)



நான் உழவியல் படித்தவன். விதை, நாற்றங்கால், நீர், உரம், களை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே என் வேலை. இன்று அவற்றை விட்டுவிட்டு, இரும்புக் கோல்களையும் அவற்றைக் கோத்திருக்கும் ஆணிகளையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இவருக்கு ஏன் இந்த வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு. ஒரு கோலின் ஆணியில் இருந்த தேய்மானம் எனக்குத் தெரியாமல் போனதால், நல்ல நாற்று வளர்த்த ஓர் உழவரிடம், "உங்கள் நாற்றங்கால் சரியில்லை" என்று சொல்லிவிட்டேன். அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பதைப் பின்னர் கூறுகிறேன். அது உங்களில் வேறு எவருக்கும் நேரக்கூடாது என்பதே இந்த உரையின் நோக்கம்.

இன்று நம் வயலுக்கு வரும் இயந்திரங்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று நெல் நடவு இயந்திரம். மற்றொன்று டிராக்டரின் பின்புறம் கலப்பையைத் தாங்கும் மூன்று முனை இணைப்பு. இவற்றில் ஒன்று மனிதனின் விரலைப்போல நாற்றைக் கிள்ளி நடுகிறது. மற்றொன்று மேழி பிடித்த கையைப்போல மண்ணின் கடினத்தை உணர்ந்து கலப்பையை உயர்த்தித் தாழ்த்துகிறது. இரண்டுக்கும் கண் இல்லை, மூளை இல்லை. அவற்றின் அறிவு முழுவதும் கோல்களின் நீளத்திலும் ஆணிகள் அமைந்த இடத்திலும்தான் இருக்கிறது. நீளம் மாறினாலோ, ஆணி தேய்ந்தாலோ, அந்த அறிவும் மாறிவிடும்.

வீட்டிலேயே இருக்கும் பாடம்

காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் மிதி மேலும் கீழும் ஆடுகிறது. மிதியின் ஓரத்திலிருந்து ஒரு நீண்ட கம்பி பெரிய சக்கரத்திற்குச் செல்கிறது. மிதி ஆட, சக்கரம் சுழல்கிறது. ஆட்டம் சுழற்சியாக மாறும் இடம் அது.

இதில் நான்கு உறுப்புகள் உள்ளன. அசையாமல் நிற்கும் இரும்புச் சட்டத்தை நிலைக்கோல் என்று கொள்வோம். சக்கரத்தின் மையத்திலிருந்து கம்பி மாட்டியுள்ள இடம் வரையுள்ள தூரம் சுழல்கோல். நீண்ட கம்பி இணைகோல். மிதி ஆடுகோல். இந்த நான்கும் நான்கு ஆணிகளால் கோக்கப்பட்டுள்ளன. இதனை நாற்கோல் இணைப்பு என்று சொல்லலாம். நடவு இயந்திரத்தின் கை உள்ளிட்ட நூற்றுக்கணக்கான பொறிகளில் இருப்பது இதுவே.

தையல்காரர் மிதிக்கத் தொடங்கும்போது கையால் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். கம்பியும் சுழல்கோலும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும்போது, எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் நகராது. அந்த நிலையிலிருந்து விடுவிக்கத்தான் அந்தத் தட்டு. ஓடத் தொடங்கிய பிறகு சக்கரத்தின் கனமே அந்த இடத்தைக் கடத்திச் செல்கிறது. விசை இருந்தால் மட்டும் போதாது, அது எந்தக் கோணத்தில் சேர்கிறது என்பதும் முக்கியம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

நீங்களே செய்து பார்க்கலாம்

இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. ஒரு பலகை, மூன்று மூங்கில் பட்டைகள், நான்கு ஆணிகள் போதும். பள்ளி செல்லும் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு ஒரு மாலையில் செய்துவிடலாம்.

பலகையில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணிகளை அடியுங்கள். இதுவே நிலைக்கோல். ஓர் ஆணியில் 10 செ.மீ. நீளமுள்ள பட்டையை மாட்டுங்கள். இது சுழல்கோல். மற்ற ஆணியில் 20 செ.மீ. பட்டையை மாட்டுங்கள். இது ஆடுகோல். இரண்டின் நுனிகளையும் 28 செ.மீ. பட்டையால் இணையுங்கள். இது இணைகோல். நீளத்தைத் துளைக்குத் துளை அளக்க வேண்டும். பட்டைகள் தடையின்றித் திரும்பவும், ஒன்றன் ஆணி மற்றொன்றைத் தட்டாமலும் இருக்க வேண்டும். இப்போது சுழல்கோலைச் சுற்றுங்கள். அது முழு வட்டம் சுற்றும். ஆடுகோல் முன்னும் பின்னும் ஆடும்.

அடுத்து, 28 செ.மீ. இணைகோலை எடுத்துவிட்டு 18 செ.மீ. பட்டையைப் பொருத்துங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும். சுற்றினால் ஓரிடத்தில் இறுகி நின்றுவிடும். ஏன்? சுழல்கோலின் நுனி எதிர்ப்புறம் முழுதாகச் சென்றால், அதற்கும் ஆடுகோலின் ஆணிக்கும் இடையே 30-உம் 10-உம் சேர்ந்து 40 செ.மீ. தூரம் ஆகிறது. இணைகோலையும் ஆடுகோலையும் நேராக நீட்டினாலும் 18-உம் 20-உம் சேர்ந்து 38 செ.மீ.தான். 2 செ.மீ. எட்டவில்லை. ஆகவே முழுச் சுற்று நடவாது.

இதனை ஒரு விதியாக வகுத்தவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானியப் பொறியியல் பேராசிரியர் பிரான்ஸ் கிராஷாப் என்பவர். மிகக் குட்டையான கோலையும் மிக நீளமான கோலையும் கூட்டுங்கள். அந்தத் தொகை மற்ற இரண்டு கோல்களின் கூட்டுத்தொகைக்கு மேற்படாமல் இருந்தால்தான் ஒரு கோலாவது முழுதாகச் சுழல முடியும். முதல் அமைப்பில் 10-உம் 30-உம் 40; 28-உம் 20-உம் 48. சுழன்றது. இரண்டாவதில் 40-க்கு எதிரே 38. நின்றது. கூட்டல் தெரிந்த எவரும் இந்தக் கணக்கைப் போடலாம்.

இப்போது மீண்டும் 28 செ.மீ. அளவுக்கு வாருங்கள். ஆனால் இணைகோலுக்கு ஆணிக்கு அப்பாலும் நீளும் பட்டையாக ஒன்றை எடுத்து, நீண்ட பகுதியில் ஒரு பென்சிலைக் கட்டிச் சுற்றுங்கள். பென்சில் வட்டமும் போடாது, நேர்கோடும் போடாது. தனக்கே உரிய ஒரு வளையத்தைப் போடும். பென்சிலை அரை அங்குலம் தள்ளிக் கட்டினால் வளையம் வேறாகும். இந்த வளையம்தான் நடவு இயந்திரத்தின் உயிர்.

நாற்றைக் கிள்ளும் கை

நடவுப் பெண்மணியின் கையை நினைத்துப் பாருங்கள். இடக்கை முடியிலிருந்து வலக்கை இரண்டு மூன்று நாற்றைப் பிரிக்கிறது, சேற்றுக்குள் நேராக இறக்குகிறது, விடுகிறது, நட்ட நாற்றைத் தட்டாமல் வெளியே வருகிறது. இதே நான்கு செயல்களைத்தான் இயந்திரத்தின் நடவு விரல் செய்ய வேண்டும்.

நடவு விரல் பொருத்தப்பட்டிருப்பது இணைகோலின் நீண்ட நுனியில். இயந்திரம் சுழல்கோலைச் சுற்றுகிறது. ஆடுகோல் மறுமுனையைப் பிடித்து வழிநடத்துகிறது. விரல் நுனி ஒரு நீண்ட, ஒடுங்கிய வளையத்தில் செல்கிறது. மேலே தட்டின் வாயில் புகுந்து பாய் நாற்றில் ஒரு சிறு துண்டைக் கிள்ளுகிறது. கீழே சேற்றில் இறங்குகிறது. அங்கே ஒரு தள்ளுகோல் நாற்றை விரலிலிருந்து தள்ளிவிடுகிறது. பின்னர் விரல் வந்த வழியே திரும்பாமல் வேறு வழியில் மேலேறுகிறது. வந்த வழியே திரும்பினால் நட்ட நாற்றைத் தானே பிடுங்கிவிடும்.

இயந்திரமோ நிற்பதில்லை, முன்னே சென்றுகொண்டே இருக்கிறது. அவ்வாறிருக்க நாற்று எப்படி நேராக நிற்கிறது? விரல் சேற்றுக்குள் இருக்கும் அந்தச் சிறு நேரத்தில், வளையத்தின் அடிப்பகுதியில் அது பின்னோக்கிச் செல்கிறது. இயந்திரத்தின் முன்னோட்டமும் விரலின் பின்னோட்டமும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. சேற்றைப் பொறுத்தவரை விரல் நேராக இறங்கி நேராக ஏறுகிறது. கோல்களின் நீளத்தை வடிவமைத்தவர்கள் இந்தக் கணக்கையும் அதற்குள் வைத்திருக்கிறார்கள்.

விரல் ஒரு முறை கிள்ளியதும் நாற்றுத் தட்டு பக்கவாட்டில் ஒரு படி நகர்கிறது. கோடி வரை சென்றதும் தானே திரும்புகிறது. அப்போது பாய் நாற்று ஒரு வரிசை கீழே இறங்குகிறது. சுழல்கோலின் ஒரு சுற்றுக்கு ஒரு குத்து. சக்கரத்திற்கும் சுழல்கோலுக்கும் பல்சக்கரத் தொடர்பு இருப்பதால் குத்துக்குக் குத்து இடைவெளி மாறுவதில்லை. ஆனால் சக்கரம் சேற்றில் வழுக்கினால் இயந்திரம் முன்னேறாது, விரல் மட்டும் நட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் குத்துகள் நெருங்கிவிடும். இதற்கு மண்ணே காரணம்.

இருக்கையில் அமர்ந்து விரைவாக ஓட்டும் இயந்திரங்கள் பலவற்றில் இந்த நாற்கோல் கைக்குப் பதிலாகச் சுழலும் பெட்டியில் இரண்டு விரல்கள் உள்ளன. அங்கே வட்டமல்லாத பல்சக்கரங்கள் இதே வளையத்தை உண்டாக்குகின்றன. ஒரு சுற்றுக்கு இரண்டு குத்து, அதிர்வும் குறைவு. நடந்து ஓட்டும் இயந்திரங்களில் பெரும்பாலும் நாற்கோல் கையே இருக்கிறது.

நான் செய்த தவறு

மூன்று ஆண்டுகளுக்கு முன் குறுவைப் பட்டத்தில் ஒரு கிராமத்தில் இயந்திர நடவுச் செயல்விளக்கம் நடத்தினோம். வாடகைக்கு வந்த நான்கு வரிசை இயந்திரம். நிலத்துக்காரர் வயதில் மூத்தவர். பாய் நாற்றங்காலை நான் சொன்னபடியே போட்டிருந்தார். நாற்றின் வயது 16 நாள். ஊர் மக்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர்.

முதல் ஓட்டத்திலேயே இடது ஓரத்து வரிசையில் குத்துகள் விடுபட்டன. சில இடங்களில் நாற்று சாய்ந்து மிதந்தது. நான் வரப்பிலிருந்தே தீர்ப்புச் சொன்னேன். "விதை சீராக விழவில்லை ஐயா, பாயில் ஈரமும் அதிகம்" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாயை நிழலில் சற்று உலரவிட்டு மீண்டும் ஓட்டினோம். பழைய கதைதான்.

இயந்திரம் ஓட்டிவந்தவருக்கு உதவியாக ஒரு பெரியவர் வந்திருந்தார். பட்டறையில் வேலை பார்த்தவராம். அவர் ஒன்றும் பேசாமல், இடது ஓரத்துப் பாயை எடுத்து வலது ஓரத்துத் தட்டில் வைத்தார். வலதிலிருந்த பாயை இடதுக்கு மாற்றினார். "இப்ப ஓட்டுங்க" என்றார். குறை சொல்லப்பட்ட பாய் வலப்புறம் அழகாக நடப்பட்டது. நல்ல பாய் இடப்புறம் விடுபட்டது. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, இடது கையின் விரலைப் பிடித்து லேசாக ஆட்டிக் காட்டினார். அது பக்கவாட்டில் ஆடியது.

"நாத்து மேல குத்தம் இல்லீங்க சார். கை ஆடுது பாருங்க" என்றார்.

ஆடுகோலின் ஆணி தேய்ந்திருந்தது. முன்பு எப்போதோ ஆணி விழுந்து, அவசரத்துக்கு ஒரு சாதாரண போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். அதன் மரை துளையை அரித்துப் பெரிதாக்கிவிட்டது. விரல் தட்டின் வாயில் நடுவே புகாமல் ஓரத்தில் உரசிச் சென்றது. சரியான ஆணியும் புஷ்ஷும் வாங்கி வந்து மாட்ட மாலை ஆகிவிட்டது. அந்த ஓரத்து வரிசைக்குப் பாடு நிரப்ப ஆள் கூலி, நிலத்துக்காரரின் கையிலிருந்து போனது. அதைவிட, ஊர் கூடியிருந்த வரப்பில் அவர் நாற்றங்காலைக் குறை சொல்லியிருந்தேன். மறுநாள் அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்று, "தவறு என்னுடையது ஐயா" என்று சொன்னேன். அவர் மோர் கொடுத்தார். "அதை நேத்து வரப்புல சொல்லியிருக்கணும் தம்பி" என்றார். அவர் சொன்னது நியாயம். அதனால்தான் இன்று இத்தனை பேர் நடுவில் சொல்கிறேன்.

அந்தப் பட்டறைப் பெரியவர் செய்தது ஓர் ஆராய்ச்சியே ஆகும். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்து, குறை எதனுடன் செல்கிறது என்று பார்த்தார். பட்டப்படிப்பில் நான் கற்ற முறை அதுதான். வயலில் பயன்படுத்தியவர் அவர்.

குறையை எங்கே தேடுவது?

இயந்திர நடவில் குத்து விடுபட்டால் கீழ்க்கண்டவாறு பாருங்கள்.

1. எல்லா வரிசைகளிலும் விடுபடுகிறதா? அப்படியானால் நாற்றங்காலையோ வயலையோ பாருங்கள். விதை கலப்பாக விழுந்திருக்கலாம். பாய் மிகவும் காய்ந்தோ, மிகவும் நனைந்தோ இருக்கலாம். சேறு படியாமல் இருக்கலாம். வயலில் தண்ணீர் கூடுதலாக நின்றால் நாற்று மிதக்கும். மெல்லிய நீர்ப்படலமே போதுமானது.

2. ஒரு வரிசையில் மட்டும் விடுபடுகிறதா? பாய்களை இடம் மாற்றுங்கள். குறை பாயுடன் சென்றால் பாயில் தவறு. குறை அதே வரிசையில் நின்றால் கையில் தவறு.

3. விடுபடுவது ஒழுங்காக வருகிறதா? தட்டு ஒரு கோடிக்குச் செல்லும்போதெல்லாம் விடுபட்டால் தட்டின் நகர்விலோ விரல் புகும் இடத்திலோ குறை உள்ளது. ஒழுங்கின்றி அங்குமிங்கும் விடுபட்டால் பெரும்பாலும் விதைப்பில் குறை. ஒழுங்கான தவறு கோலிலிருந்து வரும். ஒழுங்கற்ற தவறு பாயிலிருந்து வரும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆணியில் ஒரு சிறு தேய்மானம் இவ்வளவு செய்யுமா என்று கேட்கலாம். ஒரு கணக்குப் பாருங்கள். இணைகோலில் இரண்டு ஆணிகளுக்கும் இடையே 6 செ.மீ. என்றும், முதல் ஆணியிலிருந்து விரல் நுனி 18 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டாவது ஆணியில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் நுனியில் அது 3 மி.மீ. ஆகிவிடும். விரல் கிள்ளுவதே ஏறக்குறைய ஒரு செ.மீ. அளவுள்ள துண்டைத்தான். அதில் 3 மி.மீ. பிசகினால் பிடி தவறும்.

ஆகவே வாடகை இயந்திரம் வந்து இறங்கியதும், என்ஜினை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு விரலையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எல்லா விரல்களும் தட்டின் வாயில் நடுவாகப் புகுகின்றனவா, ஒரே ஆழத்தில் கிள்ளுகின்றனவா என்று கவனியுங்கள். பல இயந்திரங்களுடன் இதற்கென ஒரு சிறிய அளவுத் தகடு தருகிறார்கள். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வயலில் இறக்குமுன் ஆணிகளுக்கு எண்ணெயும் கிரீஸும் இடச் சொல்லுங்கள். கல் சிக்கினால் சில இயந்திரங்களில் "டக் டக்" என்று ஓசை கேட்டு விரல் நின்றுவிடும். அது பழுதல்ல, விரல் உடையாமல் காக்கும் அமைப்பு தன் வேலையைச் செய்கிறது. என்ஜினை நிறுத்திக் கல்லை எடுங்கள். ஓடும் இயந்திரத்தின் விரலருகே எக்காரணம் கொண்டும் கையைக் கொண்டு செல்லாதீர்கள். அது நாற்றுக்கும் மனித விரலுக்கும் வேறுபாடு அறியாது.

மேழி பிடிக்கும் கோல்கள்

அடுத்தது டிராக்டர். நாட்டு ஏர் ஓட்டிய காலத்தில், மண் இறுகிய இடத்தில் மாடு திணறும். உழுபவர் மேழியைச் சற்றுத் தளர்த்திக் கொழுவை மேலேற்றுவார். மண் இளகியதும் மீண்டும் அழுத்துவார். அந்தக் கை உணர்வை இரும்பில் கொண்டுவந்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் (1884–1960).

முதல் உலகப்போர்க் காலத்தில், 1917-இல், அயர்லாந்தில் டிராக்டர் உழவைச் சீர்செய்யும் பணி அவருக்குக் கிடைத்தது. அக்காலத்தில் கலப்பையை வண்டியைப்போல டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். கொழு பாறையில் மாட்டினால் டிராக்டரின் முன்புறம் தூக்கிக்கொள்ளும். மல்லாந்து விழுந்து ஓட்டுநர் இறப்பதும் உண்டு. டிராக்டரும் கலப்பையும் ஒரே உடம்பாக இருக்க வேண்டும் என்று பெர்குசன் எண்ணினார். பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1926-இல் காப்புரிமை பெற்றார். 1939-இல் ஹென்றி போர்டுடன் சேர்ந்து வெளியிட்ட டிராக்டர் மூலம் இம்முறை பரவியது. இன்று நம் ஊரில் ஓடும் டிராக்டர்களில் எல்லாம் இருப்பது அந்த மூன்று முனை இணைப்பே.

கீழே இரண்டு கோல்கள், மேலே ஒரு கோல். கீழ்க் கோல்கள் கலப்பையை இழுக்கின்றன. மேல்கோல், அதாவது நீங்கள் டாப் லிங்க் என்று சொல்வது, இழுப்பதற்காக அமைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உழும்போது நடப்பது அதற்கு நேர்மாறானது. மண் கொழுவைப் பின்னோக்கி இழுக்கிறது. கொழு கீழே இருப்பதால் கலப்பையின் தலை முன்னோக்கிச் சாயப் பார்க்கிறது. அந்தத் தலை மேல்கோலை முன்னோக்கித் தள்ளுகிறது. இந்தத் தள்ளுதல் டிராக்டரின் முன்சக்கரங்களைத் தரையில் அழுத்துகிறது.

பெர்குசனின் சாமர்த்தியம் இன்னொன்றிலும் உண்டு. மேல்கோல் டிராக்டரில் சேரும் இடத்தில் ஒரு சுருள்வில் இருக்கிறது. மண் கடினமானால் தள்ளுதல் கூடி வில் அமுங்கும். அந்த அசைவு ஒரு சிறு கோல் வழியாக ஹைட்ராலிக் வால்வைத் திறக்கும். எண்ணெய் பாய்ந்து கலப்பை சற்றே உயரும். பளு குறைந்ததும் வில் பழைய நிலைக்கு வர, வால்வு மூடிக்கொள்ளும். மண் இளகினால் கலப்பை தானே இறங்கும். ஓட்டுநர் எதையும் தொடவில்லை. பெரிய டிராக்டர்கள் சிலவற்றில் இந்த உணர்வு கீழ்க் கோல்களில் வைக்கப்பட்டுள்ளது, தத்துவம் ஒன்றே.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில.

உழவுக் கலப்பைக்கு டிராஃப்ட் கண்ட்ரோல் லிவரைப் பயன்படுத்த வேண்டும். ரோட்டவேட்டர், சமன்படுத்தும் பலகை போன்றவற்றிற்குப் பொசிஷன் கண்ட்ரோல் லிவரைப் பயன்படுத்த வேண்டும். இவற்றை மாற்றிப் பயன்படுத்தினால் ஆழம் சீராக அமையாது.

மேல்கோலைத் திருகிக் குட்டையாக்கினால் கலப்பையின் முன் மூக்கு இறங்கும். நீளமாக்கினால் மூக்கு உயரும். முன்கொழு ஆழமாகவும் பின்கொழு மேலாகவும் உழுதால், லிவரை மேலும் அழுத்துவதில் பயனில்லை. மேல்கோலைச் சற்று நீட்டுங்கள். இடம் வலம் சாய்ந்து உழுதால், தூக்குகோலில் உள்ள திருகைச் சுற்றிச் சமன் செய்யுங்கள்.

ஆணிகள் பெரும்பாலும் இரு அளவில் வருகின்றன. முதல் வகையில் மேல் ஆணி சுமார் 19 மி.மீ., கீழ் ஆணிகள் 22 மி.மீ. இரண்டாம் வகையில் மேலே சுமார் 25, கீழே 28 மி.மீ. இரண்டாம் வகைத் துளையில் முதல் வகை ஆணியைப் போட்டால் 6 மி.மீ. ஆட்டம் உண்டாகும். கலப்பை உதறும், வில்லுக்குச் சேர வேண்டிய செய்தி தாமதமாகச் சேரும். அதற்கான புஷ்ஷைப் போட்டுப் பொருத்துங்கள். உடைந்த மேல்கோலுக்குப் பற்றவைத்த இரும்புக் குழாயை மாட்டிச் சமாளிக்க வேண்டாம்.

உயிரைக் காக்கும் ஒரு விதி

மேல்கோல் மாட்டும் இடம் பின் அச்சுக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. அங்கே முன்னோக்கித் தள்ளினால் டிராக்டர் தரையில் அழுந்தும் என்று கண்டோம். அதே இடத்தில் பின்னோக்கி இழுத்தால்? முன்சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும். மரவேர் பிடுங்கவும், சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கவும், சிலர் சங்கிலியை மேல்கோல் மாட்டும் இடத்திலோ பின் அச்சிலோ கட்டுகிறார்கள். பளு அசையாமல் நின்றால், சக்கரம் சுழல்வதற்குப் பதில் டிராக்டரின் உடலே அச்சைச் சுற்றி எழும்பும். மல்லாந்து விழ ஒன்றரை விநாடி போதும். கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எனவே எதை இழுப்பதானாலும் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே கட்டுங்கள். வேறு எங்கும் கட்டாதீர்கள். சேற்றில் டிராக்டர் புதைந்தால் பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னோக்கி ஏற முயலாதீர்கள். கட்டை சக்கரத்தைத் தடுத்தால் அங்கும் உடல்தான் எழும்பும். பின்னோக்கி எடுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் வேறொரு டிராக்டரைக் கொண்டு இழுங்கள். உங்கள் பிள்ளைகளோ, கூலிக்கு ஓட்டும் இளைஞர்களோ டிராக்டரில் ஏறுமுன் இந்த ஒரு செய்தியை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். இந்த உரையில் மற்றவை மறந்தாலும் இது மறக்கலாகாது.

உழவர் பெருமக்களே, அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் பழமொழி. வண்டியின் கடையாணியைத் தடவிப் பார்க்காமல் நம் பாட்டனார்கள் சந்தைக்குப் புறப்பட்டதில்லை. இயந்திரம் வந்ததும் அந்தப் பழக்கத்தை நாம் விட்டுவிட்டோம். அது மெக்கானிக்கின் வேலை என்று எண்ணிக்கொண்டோம். நானும் அப்படித்தான் எண்ணி வரப்பில் நின்றேன். அடுத்த பட்டத்தில் இயந்திரம் உங்கள் வயலில் இறங்குமுன், ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒவ்வொரு கோலையும் ஆட்டிப் பாருங்கள், ஒவ்வொரு ஆணியையும் தொட்டுப் பாருங்கள். குறை தெரிந்தால் வாடகைக்காரரிடம் அப்போதே சொல்லுங்கள். நடவு முடிந்தபின் சொன்னால், உங்கள் நாற்றைக் குறை சொல்ல என்னைப்போல் ஒருவர் வரப்பில் நின்றுகொண்டிருப்பார்.